நிமிர்ந்து நிற்கும் உளி

ஊர்க் கொல்லுப்பட்டறையில் இரும்பை வெட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு கையில் குறடும் மறுகையில் உளியுமாக உட்கார, இன்னொருவர் சம்மட்டி போடுவார். பல பட்டறைகளில் சம்மட்டி மனைவியின் கையில். வீட்டுக் கொல்லையில் தனியாக உலை மூட்டுகிறவனுக்கு அந்த இன்னொருவர் இல்லை. உளியைத் தலைகீழாகத் திருப்பிப் பட்டடையிலேயே நிறுத்தினால் என்ன என்று தோன்றுவது அப்போதுதான்.

*

என் பட்டடை ஒரு தண்டவாளத் துண்டு. (பில்லோடு வாங்குவது நல்லது. ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பவர்களுக்கென்றே 1966-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள்.) சீமைப் பட்டடை என்றால் இப்படிக் கருவிகளைச் செருக ஒரு சதுரத் துளை இருக்கும். தண்டவாளத்தின் இடுப்பில் இருப்பதோ போல்ட்டுக்குப் போட்ட வட்டத் துளைகள். உளிக்கு ஒரு கூடு செய்து, அந்தத் துளைகளில் போல்ட் போட்டுப் பக்கவாட்டில் முடுக்கிவிடலாம். நேரடியாக வெல்டிங் வைக்க எனக்கு மனமில்லை. தண்டவாள எஃகில் கரி அதிகம். பற்றவைத்த ஓரத்திலேயே விரிசல் விடும்.

*

கூட்டுக்கு 30×30×5 மி.மீ. எல் ஆங்கிள் இரண்டு துண்டு. எதிரெதிராகச் சேர்த்தால் உள்ளே 25 மி.மீ. சதுரம் கிடைக்கும். உளிக்குக் காம்பாகப் போகிற 25 மி.மீ. சதுரக் கம்பியில் மெல்லிய தகரத்தைச் சுற்றி நடுவில் வைத்துக்கொண்டு வெல்டிங் வைக்க வேண்டும், ஏனென்றால் ஆறும்போது இரும்பு சுருங்கிப் பிடிக்கும். தகரத்தின் கனம்தான் பிறகு உளி வந்துபோக வழி. ஆங்கிளின் உள்மூலை உருண்டிருக்கும். கம்பியின் விளிம்புகளை அரம் போட்டு மழுக்காவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

*

இறுக்கமாகப் பொருந்தியதைத்தான் கண் நல்ல வேலை என்கிறது. இங்கே கொஞ்சம் ஆட வேண்டும். காம்பை ஆப்பு மாதிரி சரித்துவிட்டால் அடிக்க அடிக்க இறங்கி, பிறகு எடுக்கவே வராது. சீமைப் பட்டடையாக இருந்தால் துளை இருக்கும் அதன் வால்பக்கமே உடையலாம். அடியைத் தாங்க வேண்டியது காம்பு இல்லை, அதன் கழுத்தில் வைத்த 10 மி.மீ. தகடு. அந்தத் தகடு தண்டவாளத்தின் தலைமேல் நன்றாகப் படிந்து உட்கார வேண்டும். போல்ட்டுக்குப் பாரம் போகக் கூடாது.

*

வாய்க்கு லாரிப் பட்டை. அரிவாளுக்கு எடுக்கிற அதே எஃகு. ஆனால் தோய்ச்சல் வேண்டாம் என்பது என் கட்சி. பழுத்த இரும்பை மட்டும் வெட்டப் போகிற உளி அது. கொடுத்த தோய்ச்சலும் அந்தச் சூட்டில் இறங்கிவிடும். கை தவறிச் சுத்தியல் பட்டாலும் மிருதுவான வாய் மடங்கும், அவ்வளவுதான்; தெறித்துக் கண்ணுக்கு வராது. தகட்டோடு பற்றவைத்ததும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் போதும்.

*

முழுக்க வெட்டக் கூடாது. இரும்பைச் சுற்றித் திருப்பித் திருப்பி அடித்து, நூலளவு மிஞ்சும்போது நிறுத்தி, பட்டடை ஓரத்தில் வைத்து மடக்கினால் துண்டு விழுந்துவிடும். விழுகிற இடத்தில் மணல் தட்டு வைப்பது நல்லது. அடுத்த அடிக்கு முன் உளியைக் கழற்றிவிட வேண்டும். சுத்தியலோடு இறங்கும் கைக்குக் கீழே கூர்வாய் நிமிர்ந்து நிற்கிறதே. எடுக்கவும் குறடுதான், வெட்டிய சூடு அதிலும் ஏறியிருக்கும்.