பிறக்கவிடாத பிள்ளை

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ முடிகிற இடத்தில் சரோஜா வயிற்றில் பிள்ளையோடு புதருக்குள் ஒளிந்திருக்கிறாள். சுற்றிலும் தீ நெருங்குகிறது. சாதி மாறிக் கட்டிக்கொண்டதைத் தவிர அவள் செய்த குற்றம் எதுவுமில்லை. 2013இல் வந்த அந்த நாவல் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. முந்தைய ஆண்டு நவம்பர் 7 அன்று, அவருடைய சாதி கடந்த காதல் திருமணத்தைச் சாக்கிட்டு நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று அவருடைய உடல் ரயில் பாதையோரம் கிடந்தது. நாவலின் தீ மிகை என்று சொல்ல இந்த மாவட்டத்தில் எவருக்கும் வாய் வராது.

ஆனால் அந்த வயிற்றுப் பிள்ளை மனத்தை விட்டுப் போவதில்லை. சாதி கடந்த காதலைப் பேசும் நம் கதைகள் பெரும்பாலும் கொலையில் முடியும். இல்லையென்றால் மாலை மாற்றுவதோடு முடியும். இரண்டிலும் பிள்ளை பிறப்பதில்லை. அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அப்படிப் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். சாவை எழுதுவது எழுத்தாளனின் கடமை. சாவை மட்டுமே திரும்பத் திரும்ப எழுதினால், கலந்து பிறந்தவர்களுக்கு இங்கே வாழ்வே கிடையாது என்று கொளுத்தியவர்கள் சொன்னதைக் கதையும் ஒப்புக்கொள்வதாக ஆகிவிடாதா?

ஜெயகாந்தன் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலில் வேறு வழி கண்டார். ஹென்றி, சபாபதிப் பிள்ளை வளர்த்த பிள்ளை. பெற்றவர் யார், சாதி என்ன என்பது அவனுக்கே தெரியாது. ஊர் அவனை ஏற்கிறது. படிக்கப் படிக்க மனம் நிறைகிற பாத்திரம்தான். ஆனால் ஹென்றியின் விடுதலை, பூர்வீகம் தெரியாததால் வந்த விடுதலை. ஊரில் ஓர் ஆயா, காலனியில் ஓர் ஆயா என்று இரண்டு வீட்டையும் தெரிந்து வளர்கிற பிள்ளைக்கு அது வாய்க்காது. “நீ யாரு வூட்டுப் புள்ள?” என்று டீக்கடையில் கேட்டால் அது பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் சாதிப் பெயர் சொல்வதா வேண்டாமா என்ற சிக்கல் வருகிறது. ‘பூக்குழி’ சரோஜாவின் சாதியைச் சொல்வதில்லை. அதில் ஒரு நியாயம் உண்டு: எந்த வாசகரும் ‘இது எங்கள் கதையல்ல’ என்று தப்பிக்க முடியாது. சொல்வதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் சின்னதல்ல. பெருமாள்முருகனின் ‘மாதொருபாக’னுக்கு எழுந்த எதிர்ப்பில், தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவிக்க நேர்ந்தது. அஞ்சி மறைத்தவர்களைக் குறை சொல்ல, அஞ்சாமல் வாழ வழியுள்ளவர்களுக்கு உரிமை குறைவு. என்றாலும், பிழைத்து வளரும் பிள்ளையைப் பெயரில்லாமல் எழுத முடியாது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. எந்தப் பெயரை நிரப்பினார்கள், அன்று வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்பதிலிருந்துதான் அதன் கதையே தொடங்கும்.

நத்தம் எரிந்த அதே 2012இல், ஜனவரி மாதம், ரமேஷ்பாய் நாய்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. குஜராத்தைச் சேர்ந்த வழக்கு. தாய் பழங்குடி, தந்தை மேல்சாதி. தந்தையின் சாதிதான் பிள்ளைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுகட்டக் கூடாது, அந்தப் பிள்ளை எங்கே, எப்படி வளர்ந்தது, தாயின் சமூகத்தாரைப் போலவே இழிவும் இழப்பும் பட்டதா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். சான்றிதழுக்காகக் கேட்ட கேள்விதான். கதை எழுதுகிறவர் கேட்க வேண்டியதும் அதுவே. பிள்ளையைச் சமத்துவத்தின் சின்னமாக மேடையேற்றுவது சுலபம். அப்பாவைப் பெற்ற ஆயா அதற்குத் தனித் தம்ளர் வைத்தாளா, மாரியம்மன் திருவிழாவுக்கு எந்த வீட்டில் புதுத்துணி எடுத்தார்கள், களி கிண்டும் வாசத்தில் அதற்கு எந்த அடுப்பு நினைவுக்கு வரும் என்பதையெல்லாம் அறிந்து எழுதுவது கடினம். அந்தக் கடினத்தைத் தவிர்த்துவிட்டு, பிள்ளையைக் கருவிலேயே எரிப்பதோ கடைசிப் பக்கத்தில் சிரிக்கவைப்பதோ அதற்குச் செய்யும் அநீதி.

அதற்கு ஒரு பல் விழ வேண்டும். கணக்கில் மார்க் குறைய வேண்டும். முழுப்பரீட்சை லீவில் எந்த ஆயா வீட்டுக்குப் போவது என்று அது அடம்பிடித்து அழ வேண்டும்.