நாலு பேர்

இரணைமடுவின் கீழ் காலபோக நெல் வெட்டி முடிந்த கிழமை. பிந்தி வந்த மழையில் என் நெல்லில் ஒரு பங்கு நனைந்துவிட்டது. வெறும் உரப்பைகளுக்கு முன்னால் இருந்து யோசித்தேன். மேலும் கீழும் காய்ந்த நெல்லைப் போட்டு நடுவில் ஈரநெல்லை வைத்தால் ஆருக்குத் தெரியும்? வியாபாரி எப்படியும் மூட்டைக்கு இரண்டு கிலோ ஈரக்கழிவு என்று வெட்டத்தான் போகிறார். அவர் கழிக்கிறார், நான் நனைக்கிறேன். கணக்குச் சரிதானே?

இப்படிக் கணக்குப் பார்க்கும் போதெல்லாம் ஒரு வரிசை எனக்கு நினைவுக்கு வரும்.

2009 சித்திரை, போரின் கடைசிக் காலம். மாத்தளன் மணலில் ஆச்சியைப் புதைத்துவிட்டு வந்து, செட்டிகுளம் முகாமில் பதிவுக்கு நின்றோம். ஆள் கணக்குக்குத்தான் நிவாரணம். பின்னால் நின்ற பெண் அம்மாவின் காதுக்குள் சொன்னா: "ஆச்சி ஆஸ்பத்திரியில எண்டு சொல்லுங்கோ அக்கா. ஐஞ்சு பேருக்குச் சாமான் கிடைக்கும். ஆர் தேடிப் பாக்கப் போகினம்?"

அம்மா மேசையடிக்குப் போய் "நாலு பேர்" என்றா. எனக்குப் பதின்மூன்று வயது, நல்ல பசி. அன்று முழுக்க அம்மாவோடு நான் கதைக்கவில்லை.

அந்த இரண்டு சொல்லின் எடை பிறகுதான் விளங்கியது. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள், கச்சேரிக் கணக்குப்படி 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள், ஐ.நா. கணக்குப்படி 282,380 பேர். மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த இடத்தில் கணக்கை நிறுத்தி, தெரியாததைக் கேள்வியாக வைத்தார். 2021 ஏப்ரல் 1-ஆம் திகதி அவர் காலமானார். கேள்வி அப்படியே நிற்கிறது.

அம்மா அன்று "ஐஞ்சு" என்றிருந்தால், ஆச்சி வந்து சேர்ந்தவர்களின் பக்கம் போயிருப்பா. அந்த மிச்சத்தில் ஒன்று குறைந்திருக்கும். ஒரு பங்கு அரிசிக்காக ஆச்சியின் சாவையே நாங்கள் இல்லாமல் செய்திருப்போம்.

லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்தில், தன்னைப் போலவே அயலவனையும் நேசிக்கச் சொல்லும் கட்டளை இருக்கிறது. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விடச் சொல்வதும் அங்கேதான். அதே அதிகாரம் முடிகிற இடத்தில் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்க வேண்டும் என்கிறது. அன்பைச் சொல்கிற இடத்தில் தராசுக்கு என்ன வேலை என்று முன்பு நினைத்ததுண்டு. வயல் செய்யத் தொடங்கிய பிறகு அந்தச் சந்தேகம் இல்லை. கோவிலில் அயலவனுக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்வது சுகம். அவன் மெய்யாக என் முன்னால் வந்து நிற்பது தராசடியில்தான்.

மலைப்பொழிவில் இயேசு ஆணையிடுவதையே வேண்டாமென்கிறார். வெறும் சொல்லே நம்பத்தக்கதாக இருந்தால் ஆணைக்குத் தேவை ஏது? அம்மாவும் அன்று ஆணையிடவில்லை.

நனைந்த நெல்லைப் படங்கில் பரவிக் காயவிட்டேன். இரண்டு நாள் போனது, கூலியும் போனது. மூன்றாம் நாள் வியாபாரி வந்து நிறுத்து, வழமைபோல இரண்டு கிலோ வெட்டினார்.

"காய்ஞ்ச நெல்லுக்கு என்ன ஈரக்கழிவு, அண்ணை?"

இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத கேள்வி அது. மூட்டையின் நடுவில் ஈரத்தை ஒளித்து வைத்தவனுக்கு அது வாயில் வராது. அவர் மூட்டைக்குள் ஆழமாகக் கையை விட்டு ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பல்லுக்குள் அது நொறுங்கிய சத்தம் எனக்கும் கேட்டது.