பேனாக்கத்தி

சட்டைப் பையில் கத்தி வைத்திருப்பவன் என்றதும் நம் மனத்தில் ஒரு சித்திரம் எழுகிறது. கழுத்தில் கைக்குட்டை, கன்னத்தில் தழும்பு, சந்து முனையில் பீடிப் புகை. சினிமா நமக்குப் பழக்கிவிட்ட சித்திரம் அது. நானும் பல வருஷங்களாகச் சட்டைப் பையில் கத்தி வைத்திருக்கிறேன். என்னைக் கண்டு இதுவரை ஒருவரும் விலகி நடந்ததில்லை. காரணம், என்னுடையது பேனாக்கத்தி. விரித்தால் அலகு இரண்டரை அங்குலம். மடக்கினால் நடுவிரல் நீளந்தான். பெரிய கத்தி வாங்க வகையில்லாமல் இதை வைத்திருக்கிறேன் என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். யோசித்துத்தான் சிறியதாகத் தேர்ந்தெடுத்தேன். அந்த யோசனையில் ஒரு தர்மசங்கடமான கேள்வியும் இருக்கிறது.

"கத்தியைக் குற்றம் சொல்லாதே; பிடித்த கையைச் சொல்" என்று ஒரு நியாயம் பேசுவார்கள். பழம் நறுக்குவதும் அதே கத்தி, கழுத்தை அறுப்பதும் அதே கத்தி. டாக்டரிடம் இருந்தால் உயிரைக் காக்கும், கொலைகாரனிடம் இருந்தால் உயிரைப் போக்கும். பட்டிமன்றத்தில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் உண்மை பாதிதான் என்பது என் அபிப்பிராயம். கை பொருளை ஆள்கிறது என்பது சரி. பொருளும் கையைக் கொஞ்சம் ஆள்கிறது. குடை எடுத்து வந்தவன் அடிக்கடி வானத்தைப் பார்க்கிறான். கைத்தடி ஊன்றி நடக்கிற பெரியவர் கண்ணில் தெரு நாய்கள் எல்லாம் படுகின்றன. காமிரா மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனவன் கோபுரத்தைப் பார்க்கிறானே தவிர, கும்பிடுகிறானா என்பது சந்தேகம். பையில் எதை வைத்திருக்கிறோமோ, அதற்கு ஏற்ற வேலையைக் கண் தேட ஆரம்பித்துவிடுகிறது.

பேனாக்கத்தி எனக்குத் தேடித் தரும் வேலைகள் அற்பமானவை. பார்சல் சணல், பென்சில், சட்டையில் தொங்கும் நூல், மாத்திரை அட்டை. அதிலும் ரயில் பிரயாணத்தில் அதற்குக் கிடைக்கும் மரியாதை தனி. வண்டி விழுப்புரம் தாண்டியதும் எதிர் இருக்கையில் யாராவது வெள்ளரிப் பிஞ்சோ கொய்யாப் பழமோ வாங்கியிருப்பார். வாங்கிய பிறகுதான் கத்தி ஞாபகம் வரும். "சார், கத்தி இருக்குங்களா?" என்று பெட்டியைப் பொதுவாகக் கேட்பார். நான் எடுத்து நீட்டுவேன். நறுக்கிய பழத்தில் ஒரு துண்டு உப்பும் மிளகாய்த் தூளும் தடவி எனக்கு வரும். அதோடு அவர் மகளின் கல்யாணக் கதையும் வரும். என் கத்தி எனக்காக உழைத்ததைவிட முன்பின் தெரியாதவர்களுக்காக உழைத்ததே அதிகம்.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கீழே வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்பிக்கை எப்படியோ, அதற்குள் ஒரு நாகரிகம் இருக்கிறது: கூர்மையை இன்னொருவர் பக்கம் நீட்டாதே என்பது. பேனாக்கத்திக்கு இந்தத் தொல்லை இல்லை. மடக்கிக் கொடுத்தால் கையிலேயே கொடுக்கலாம்.

அதற்குப் 'பேனாக்கத்தி' என்று பெயர் வந்ததும் வேடிக்கையான கதை. பேனா என்ற சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து நமக்கு வந்தது; அவர்கள் பாஷையில் அதற்கு இறகு என்று பொருள். வாத்து இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தில், முனை மழுங்கும்போதெல்லாம் சீவிக்கொள்ள ஒரு சின்னக் கத்தி வேண்டியிருந்தது. இறகுப் பேனா போய்விட்டது. கத்தி மட்டும் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. நம் நாட்டில் இறகு கிடையாது, பனையோலை. ஆனால் இங்கேயும் எழுதுகிறவன் இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. மடக்கெழுத்தாணி என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் எழுத்தாணி, மறு பக்கம் ஓலையை வாரிச் சீராக்கும் கத்தி. வேலை முடிந்தால் இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். எழுதுகிற கூர்மையையும் வெட்டுகிற கூர்மையையும் ஒரே பிடியில் அடக்கி வைத்த அந்தப் பெயர் தெரியாத கொல்லனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி, என் கத்தி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். பிடியின் முதுகுப் பக்கத்தில் வில்போல ஒரு இரும்புத் தகடு இருக்கிறது. அலகை விரித்ததும் அந்த வில் அதன் அடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். பூட்டு ஒன்றும் கிடையாது. இழுத்து அறுக்கும்வரை அலகு அசையாது. நுனியை எதிலாவது ஓங்கிக் குத்தினாலோ, அலகு பின்னால் மடங்கி, பிடித்திருப்பவன் விரலையே பதம் பார்த்துவிடும். பழகியவன் கை தானாகவே இழுக்கக் கற்றுக்கொள்கிறது, குத்த மறந்துவிடுகிறது. குத்துகிறவனை முதலில் தண்டிக்கிற கத்தி இது. கத்திக்குப் பாவபுண்ணியம் தெரியாது என்கிறவர்கள் இந்த வில்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

என் அக்காள் மகன் இதை ஒப்புக்கொள்வதில்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கிறான். ஒரு நாள் பின்னிரவில் வீடு திரும்பும் வழியில் இரண்டு பேர் மறித்து, செல்பேசியையும் சம்பளப் பணத்தில் மிச்சமிருந்ததையும் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரமே அவன் ஒரு கத்தி வாங்கினான். நான்கு அங்குல அலகு, கறுப்புப் பிடி, கட்டைவிரலால் தள்ளினால் சடக்கென்று விரிந்து பூட்டிக்கொள்ளும். என் மேஜைமேல் என் கத்திக்குப் பக்கத்தில் அதை வைத்தான். யானைக்குப் பக்கத்தில் எலி.

"இதை விரிச்சாலே அவனவன் ஓடிடுவான், மாமா. உங்க கத்தியைக் காட்டினா, கொய்யாப் பழம் எங்கேன்னு கேப்பான்" என்றான்.

"அப்படிக் கேட்கிற திருடன் கிடைத்தால் உட்கார்த்தி வைத்துப் பழம் கொடுக்கலாமே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. பறிகொடுத்தவனுக்குப் பயப்பட உரிமை உண்டு. பயந்தவன் முன்னால் சாமர்த்தியமாகப் பேசுவதில் என்ன பெருமை? ஆகவே அவன் கட்சியையும் நியாயமாகவே பார்க்க முயல்கிறேன். "பூட்டு இருக்கிறது பத்திரத்துக்குத்தான். என் விரல்ல மடங்காது பாருங்க" என்றான். அது உண்மை. பிரான்ஸின் ஸவாய் மலைப் பிரதேசத்தில் ஜோஸப் ஓப்பினெல் என்பவர் 1890-இல் மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார். குடியானவர்களும் தொழிலாளிகளும் வாங்கக்கூடிய எளிய கத்தி. 1955-இல்தான் அதில் ஓர் இரும்பு வளையம் வந்தது. திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். எதற்காக? உழைக்கிறவன் விரல் அறுபடக் கூடாது என்பதற்காக. பூட்டைக் கண்டுபிடித்தது கருணைதான், குரூரம் அல்ல. நாள் முழுவதும் மரம் சீவுகிறவனுக்கும் கயிறு அறுக்கிறவனுக்கும் பூட்டில்லாத கத்தியைச் சிபாரிசு செய்ய நான் யார்? என் பேச்சு என்னைப்போல நாற்காலியில் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்களுக்குத்தான்.

ஆனால் சட்டம் வேறு விதமாக யோசிக்கிறது. இங்கிலாந்தில் 1988-இல் ஒரு சட்டம் செய்தார்கள். தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு. பூட்டுப் போட்ட கத்தி மடக்குக் கத்தி ஆகுமா என்று வழக்கு வந்தது. ஆகாது என்று தீர்ப்பாயிற்று. பொத்தானை அமுக்கினால்தான் மடங்கும் என்றால் அது சட்டத்தின் கண்ணுக்கு மடக்குக் கத்தி அல்லவாம். நினைத்த மாத்திரத்தில் மடங்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் கருணையால் போட்ட பூட்டை ஆங்கில நீதிபதிகள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். என் மனம் இரண்டு பக்கமும் போய் வருகிறது. நம் நாட்டு ஆயுத விதிகள் தாராளமானவை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகைத்தான் ஆயுதமாக எண்ணுகின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றை விட்டுவிடுகின்றன. எவ்வளவு நீளம் என்பதோடு எதற்காகச் செய்தது என்றும் கேட்கிறதே, அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது.

சிறிய கத்திக்கு நேர்ந்த ஓர் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் மிகி என்ற ஊரில் 'ஹிகோனோகாமி' என்று ஒரு மடக்குக் கத்தி செய்வார்கள். பித்தளைத் தகட்டை மடித்த பிடி, ஓர் அலகு, அலகின் அடியில் ஒரு சின்ன வால். அந்த வாலைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் கத்தி விரிந்து நிற்கும். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ இதைத்தான் எடுத்துப் போனார்கள். 1960 அக்டோபரில் டோக்கியோவில் ஸோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அஸானுமா மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, பதினேழு வயதுப் பையன் ஒருவன் பாய்ந்து வந்து அவரைக் குத்திக் கொன்றான். குத்தியது குறுவாள். ஆனால் நாடெங்கும் பிள்ளைகள் கையில் கத்தியே கூடாது என்று இயக்கம் எழுந்தது. வாளின் குற்றத்துக்குப் பென்சில் சீவுகிற கத்தி தண்டனை அனுபவித்தது. அந்தப் பெயரை உரிமையோடு பொறிக்கும் பட்டறை இன்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

இந்தக் கதையை நான் உருக்கமாகச் சொன்னபோது என் மருமகன் குறுக்கிட்டான். "அமெரிக்காவில 2001-ல என்ன நடந்தது, மாமா? பெரிய வாளாலயா விமானத்தைக் கடத்தினாங்க?" என்று கேட்டான்.

சரியான அடி. அந்த வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி பத்தொன்பது பேர் நான்கு விமானங்களைக் கடத்தினார்கள். கையிலிருந்தவை சின்னச் சின்னக் கத்திகள். நான்கு அங்குலத்துக்கு உட்பட்ட அலகை விமானத்துக்குள் எடுத்துப் போவது அப்போது அங்கே அநுமதிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டார்கள். 2013-இல் ஆறு சென்டிமீட்டருக்கு உட்பட்ட மடக்குக் கத்திகளை மறுபடி அநுமதிக்கலாம் என்று அமெரிக்க அதிகாரிகள் முயன்றபோது, விமானப் பணியாளர்களே கூடாது என்று எதிர்த்து நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. நானும் விமானம் ஏறினால் பேனாக்கத்தியைப் பெட்டிக்குள் போட்டுச் சரக்கோடு அனுப்பிவிடுகிறேன்.

ஆகவே சிறியது நிரபராதி என்று நான் சாதிக்கவில்லை. கொல்லுவதென்று தீர்மானம் செய்துவிட்டவனுக்கு இரண்டரை அங்குலமும் போதும், வெறுங்கையும் போதும். அவனைப்பற்றி என் கத்திக்கு ஒன்றும் தெரியாது. நான் பேசுவது ஒன்றையுமே தீர்மானிக்காமல் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு புறப்படுகிறவர்களைப்பற்றி. நாமெல்லாம் பெரும்பாலான நாட்களில் அப்படித்தானே இருக்கிறோம்? பையில் கிடக்கிற பொருள் மெல்லச் சாய்ப்பது நம்மைத்தான். எதிரிக்காக வாங்கிய கத்தி, எதிரி வருகிறவரை சும்மா இருப்பதில்லை. எதிர்ப்படுகிறவர்கள் முகத்தில் எதிரியைத் தேடச் சொல்கிறது.

இதை நான் வெறும் யோசனையில் மட்டும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து அவனே வந்து ஒரு விஷயம் சொன்னான். சாயங்காலம், நெரிசலான பஸ். டிரைவர் பிரேக் போட்டதில் பின்னாலிருந்து ஒருவர் இவன் முதுகில் வந்து விழுந்தார். இவன் திரும்பிப் பார்த்தபோது, கையில் தூக்குவாளியோடு ஒரு கிழவர். "மன்னிச்சுக்கோ, தம்பி" என்றாராம். அப்போதுதான் தன் வலது கை கால்சட்டைப் பைக்குள் இருப்பதையும், கட்டைவிரல் கத்தியின் குமிழ்மேல் இருப்பதையும் இவன் கண்டான்.

"கை எப்பப் போச்சுன்னே தெரியலை, மாமா" என்றான்.

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கத்தியைத் தூக்கி எறிந்துவிடவும் இல்லை. ராத்திரி வேலை இருக்கிற நாட்களில் எடுத்துப் போகிறான்; மற்ற நாட்களில் மேஜை அறையில் கிடக்கிறது. எறிந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னிரவில் அந்தத் தெருவில் நடக்கிறவன் அவன், நான் அல்ல.

போன தீபாவளிக்கு வந்தபோது அக்காள் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஜாடியின் வாயைத் துணியால் மூடிச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் போடுகிற முடிச்சை மனிதனால் அவிழ்க்க முடியாது. நேரே வேலையிலிருந்து வந்திருந்தான். அவன் பையில் அவன் கத்தி இருந்தது.

"மாமா, உங்க கத்தியைக் குடுங்க" என்று கையை நீட்டினான்.

மடக்கியே கொடுத்தேன்.