பிழைக்கு வேண்டிய உயரம்

ஒருவருக்கு ஒரு தொழிலையோ கலையையோ கற்றுக்கொடுக்க முன்வருபவர், கற்பவர் பிழை செய்யும் வேளையில் எப்போது குறுக்கிடுவது என்னும் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. முந்திக்கொண்டால் கற்றல் நிகழ்வதில்லை, பிந்தினால் இழப்பு நேர்ந்துவிடுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் இக்கேள்வி, ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் மன்றங்களின் திடலில் ஓரிரு நொடிகளுக்குள் விடை கேட்கிறது என்பதால், அத்திடலின் வழக்கங்கள் பொழுதுபோக்கு என்னும் அளவைத் தாண்டிச் சிந்திக்கத் தக்கவை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1937-இல் ‘கஃப்’ என்னும் விமானத்தை ரேடியோவால் இயக்கிக் காட்டிய வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டையர், கற்றுக்கொடுக்க எவரும் இல்லாத நிலையில் தாமே முயன்று தேர்ந்தவர்கள். பின்வந்தவர்களுக்கு அத்தனிமை தேவைப்படவில்லை. 1936-இல் தோன்றிய அமெரிக்க மாதிரி விமானவியல் கழகத்துடன் இணைந்த உள்ளூர் மன்றங்கள் பலவற்றில், புதியவருக்குக் கற்பிப்பதை மூத்த உறுப்பினர்கள் ஊதியமின்றிச் செய்துவருகின்றனர்.

கற்பதன் கடினம் கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரின் இரு ஸ்டிக்குகளை அசைத்தால், விமானத்திலுள்ள ரிசீவர் அக்குறிப்பை வாங்கி, சர்வோ எனப்படும் சிறு மோட்டார்களின் வழியே இறக்கையின் அய்லரானையும் வாலின் எலிவேட்டரையும் ரட்டரையும் திருப்புகிறது. இதைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். ஆனால் விலகிச் செல்லும் விமானத்தின் வலப்புறம் ஓட்டுபவரின் வலப்புறமாகவே இருக்க, அது திரும்பி அவரை நோக்கி வருகையில் அவர் கண்ணுக்கு இடமும் வலமும் மாறிவிடுகின்றன. இருக்கையின் அழுத்தமோ உடலின் சாய்வோ உணர்த்தாத நிலையில், தரையில் நிற்பவர் தம் இடவலத்தை விட்டுவிட்டு வானிலுள்ள ஒன்றின் இடவலத்தை மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே, அதற்கு முட்டுக்கொடுப்பதுபோல், ஸ்டிக்கைத் தள்ளுக என்று மூத்தவர்கள் சொல்லித்தருவார்கள். எனினும் பதற்றத்தில் விரல் எதிர்ப்புறம் போவதே இயல்பு.

இவ்விடத்தில்தான் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைக்கும் பயிற்சிமுறை உதவுகிறது. பயிற்றுநர் ஒரு விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவரின் கையில் இருக்கும். விரலை எடுத்த கணமே அது பயிற்றுநரிடம் திரும்பிவிடும். இந்த அமைப்பு ஆழ்ந்து நோக்கத் தக்கது: பறித்துக்கொள்வதற்கு முயற்சி எதுவும் வேண்டியதில்லை, கொடுத்துக்கொண்டிருப்பதற்கே இடைவிடாத முயற்சி வேண்டும். பிறருக்குச் சுதந்திரம் அளிப்பதைச் சும்மா இருத்தல் என்று எண்ணிக்கொள்ளும் பெரியவர்கள், அவ்விசையை ஒருமுறை பிடித்துப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு நேரம் பிடித்திருப்பது என்பதற்கு, ‘மூன்று பிழை உயரத்தில் பற’ என்னும் பழைய அறிவுரையில் விடை உண்டு. முதலில் ஒரு பிழை, அதைத் திருத்தப்போய் இன்னொன்று, அதற்கும் மேலே மற்றொன்று ஆகியவை நேர்ந்த பின்னும் மீட்டெடுக்கப் போதிய உயரம் வேண்டும் என்பதே அதன் பொருள். அவ்வுயரமும் வரம்பற்றதன்று, கட்டுப்பாடற்ற வான்பகுதியில் 400 அடிக்கு மேல் செல்ல அமெரிக்க விதி பொதுவாக இடந்தருவதில்லை. ஆகவே பயிற்றுநரின் பொறுமையைக் கண்டிப்பு, கனிவு என்னும் குணங்களால் அளப்பது பொருந்தாது. மேலே நீள்வதும் தரையை நெருங்க நெருங்கக் குறுகுவதுமாகிய அது, மாணவருக்கு மீதமிருக்கும் உயரத்துக்கு ஏற்ப மாறுகிறது. தரையிறக்கம் கடைசிப் பாடமாக வைக்கப்பட்டிருப்பதும் இக்காரணத்தாலேயே. தவிரவும், விழக்கூடிய விமானம் பெரும்பாலும் மாணவருடையது. பால்சா என்னும் இலகுவான மரத்தில் எலும்புகளை வெட்டி ஒட்டி, மெல்லிய படலம் போர்த்தி, அவர் பல வாரம் உழைத்துச் செய்ததாகவும் இருக்கலாம். தமக்கு உரிமையில்லாத பொருளின் மீது துணிந்து காத்திருப்பது எளிய காரியமன்று.

இன்று ஜைரோஸ்கோப் உணரிகளைக் கொண்ட கருவிகள், ஸ்டிக்கை விட்டதும் விமானத்தைத் தாமே சமநிலைக்குக் கொண்டுவருகின்றன. கண் எட்டாத தொலைவில் இத்தகைய தன்னியக்கத்தின் பெருமை மறுக்க முடியாதது: பார்வை பெரிதும் மங்கிய முதுமையில், மாதிரி விமான ஆர்வலர் மேனார்ட் ஹில் தம் குழுவினருடன் 2003 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அனுப்பிய, 5 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள பால்சா விமானம், 38 மணி 52 நிமிடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, கடலின் மேல் அதைச் செலுத்தியது தன்னியக்கக் கருவியே, அயர்லாந்தில் காத்திருந்த சக வீரர் அதைக் கையேற்றுத் தரையிறக்கினார். பயிற்சித் திடலின் நிலை வேறு. கருவி எல்லாச் சாய்வையும் ஒன்றுபோலவே திருத்திவிடுகிறது. மாணவரின் விரல் சரியான பக்கம் நகரத் தொடங்கிவிட்டதை அருகில் நிற்கும் மனிதரே காண்கிறார், கண்டு இன்னும் அரை நொடி பொறுக்கிறார். ஆகையால், அத்தகைய விமானத்தைக் கொண்டுவரும் புதியவரிடம், உயரத்தில் கருவியை அணைத்துவிட்டுப் பறக்கவும் இறங்கும்போது மீண்டும் இயக்கிக்கொள்ளவும் சொல்லும் பயிற்றுநரின் முறையே சரியானது.