கல்லும் காணியும்

சீடன்: ஐயா, செங்கம் பக்கம் ஒரு நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்லில் இருப்பவன் யார், எதற்காகச் செத்தான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளே தெரியாத நன்றி என்ன நன்றி?

குரு: அவர்கள் கும்பிட்டிருக்காவிட்டால் அது எப்போதோ துவைகல்லாகப் போயிருக்கும். படிக்க வந்த உனக்குக் கல்லே கிடைத்திருக்காது. பெயர் கல்லிலேயே இருக்கிறது, வட்டெழுத்தில். எடத்தனூர்க் கல்லைப் பார். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய்ப் பட்ட ஒருவனுக்கு நட்டது. கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லி, உருவம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரசன் பெயர் அங்கே ஆண்டைக் குறிக்கத்தான் வருகிறது!

சீடன்: மாடு மீட்கப் போனவனுக்குக் கல், சரி. கவரப் போனவனுக்கும் நட்டிருக்கிறார்களே. கொள்ளைக்குப் போனவனுக்கு என்ன மரியாதை?

குரு: அவனை அனுப்பிய ஊர் நட்டது அது. போனது நியாயமா என்று அனுப்பியவனைக் கேள், கேட்கத்தான் வேண்டும். செத்தவனைப் புகழ்ந்தே அந்தக் கேள்வியை அமுக்கிவிடுகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் வைக்கும் மாலையை நான் மதிப்பதில்லை.

சீடன்: அவன் மனமுவந்து போனானோ, கூலிக்குப் போனானோ, தலைவனுக்கு அஞ்சிப் போனானோ, யார் கண்டது?

குரு: உன் பாட்டன் கிணறு வெட்டியது ஊருக்காகவா, தன் பெருமைக்காகவா என்று விசாரித்துவிட்டா தண்ணீர் குடிக்கிறாய்?

சீடன்: குடித்ததற்குக் கடன்பட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். செத்தவனுக்கு எப்படித் திருப்பித் தருவது?

குரு: தர முடியாது. கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு நிலை சொல்கிறது. ஆறும் இறந்தவனை நோக்கியவை. கல்வெட்டுகளில் வேறொன்று வருகிறது, உதிரப்பட்டி. பட்டவனின் குடும்பத்துக்கு விட்ட நிலம். இரத்தக்காணி என்றும் சொல்வார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கல் நடும் நாளில் ஊரே கூடும், பறை முழங்கும். மறுநாள் அவன் பெண்டாட்டி உலை வைக்க வேண்டுமே, அப்பா.

சீடன்: உயிருக்கு நிலம் என்றால் விலை பேசியது போல் ஆகாதா?

குரு: நிலத்தைக் கொடுத்துவிட்டு ஆளை மறந்தால் விலைதான். கல்லை நட்டுவிட்டுக் குடும்பத்தை மறந்தால் அது ஏய்ப்பு. இரண்டில் எது மலிவு என்று ஊர்கள் நன்றாகவே அறிந்துவைத்திருக்கின்றன.

சீடன்: தானக் கல்வெட்டுகளின் கடைசியில், இதை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எழுதுகிறார்களே. சாபம் போட்டுக் காக்க வேண்டியது நன்றியாகுமா?

குரு: கொடுத்தவர்களுக்குத் தங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றித் தெரிந்திருந்தது. செத்தவனின் முகம் பார்த்த தலைமுறை அழுதுகொண்டே கொடுக்கும். பார்க்காத தலைமுறை, இவர்களுக்கு எதற்கு இவ்வளவு என்று வரப்பை நகர்த்தும். அன்று அவன் பேரனுக்கு உதவப்போவது உன் பாட்டனின் கண்ணீரா, கல்லில் வெட்டிய நான்கெல்லையா?