கோளறு பதிகமும் பொய்யெச்சரிக்கையும்

காவிரித் தென்கரைத் தலங்களுள் ஒன்றாய்க் கீழ்கடலை அடுத்து விளங்குவது திருமறைக்காடு. வேதாரணியம் என வழங்கும் அப்பதியில், திருக்கதவம் திறக்க அப்பமூர்த்திகளும் அடைக்க ஆளுடைய பிள்ளையாரும் பாடியருளிய வரலாறு யாவரும் அறிந்ததே. அங்கு நிகழ்ந்த மற்றொரு செய்தி ஈண்டு ஆராயற்பாலது. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் விடுத்த ஏவலர் வந்து வேண்ட, பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளத் திருவுளங்கொண்டனர். ஆங்கு நேரக்கூடிய தீங்கினை நினைந்த அப்பர், நாளும் கோளும் நல்லன அல்ல என்று கூறித் தடுத்தனர். பிள்ளையார் கோளறு பதிகம் அருளிச்செய்தனர். அதுகேட்டு அப்பரும் உடன்பட்டனர்.

எச்சரித்தவர் எளியர் அல்லர், துன்பம் பல கடந்த முதியவர், அன்பே வடிவானவர். அத்தகையார் விடுத்த எச்சரிக்கையைக் கடந்து செல்லுதல் முறையோ? முறையெனின், அடியார் எனப்படுவோர் யாவரும் எச்சரிக்கை அனைத்தையும் புறக்கணிக்கலாமோ? இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஆகாயவிமானம் செலுத்துவோர்க்கு, நிலம் நோக்கி இறங்கும் வேளையில் உயிர்க்கு இறுதியாய் வந்து நிற்பதும் இதுவே.

விமானத்தினின்று வானொலி அலையைக் கீழே செலுத்தி, அது நிலத்திற் பட்டு மீளும் காலத்தால் உயரத்தை அளப்பது ஒரு கருவி. அவ்வளவினைக் கொண்டு, நிலம் அணுகிற்று என்று குரலெழுப்புவது மற்றொரு கருவி. இப்பின்னையது 1970-களில் பரவியபொழுது பொய்க்குரல் பல எழுப்பியது. பின்னர் நிலப்பரப்பின் படமும் அதனுட் சேர்க்கப்பட்டமையால் அக்குறை பெரிதும் தணிந்தது, முற்றும் ஒழிந்திலது. ஆதலின் விமானி, எழுந்த குரல் மெய்யோ பொய்யோ என நொடிப்பொழுதிற் றுணிதல் வேண்டும்.

துணிவு பிழைக்கும் வழி இரண்டு. 2009 பிப்ரவரி 25-இல் இஸ்தான்புல்லிலிருந்து ஆம்ஸ்டர்டாம் நகரிற்கு வந்த விமானத்தில் இடப்புறத்து உயரமானி பழுதுற்றது. விமானம் விண்ணில் இருக்கவும், அது நிலமட்டத்திற்கு 8 அடி கீழுள்ளதாகக் காட்டியது. அதனால், சக்கரம் இறக்கப்படவில்லை என்னும் எச்சரிக்கை மேலே பறக்கும்பொழுதே ஒலித்தது. அது பொய்யென்று விமானிகள் விடுத்தனர். ஆயின் அப்பொய்யும் ஒரு மெய்யை உணர்த்திற்று; உயரமானி பழுதென்பதே அது. புகை கண்டு தீயை உணர்வார்போல அதனை உணர்ந்திருத்தல் கூடும். விசையைத் தானே ஆளும் பொறி அவ்வுயரமானியை நம்பி, தரை தொட்டதுபோல் விசையைக் குறைத்தது. பொறி காக்கும் என்றிருந்தோர் வேகம் குன்றியதைக் காலந்தாழ்த்தே கண்டனர். விமானம் வயலில் வீழ்ந்து 9 பேர் மாண்டனர்.

2010 மே 22-இல் துபாயிலிருந்து மங்களூர்க்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் நேர்ந்தது இதற்கு மறுதலை. மலைமேல் அமைந்த ஓடுபாதையை நோக்கி அது மிக உயரத்தினின்று விரைந்து இறங்கியது. மேலெழுக என்று கருவி பலகாற் கூவிற்று. துணை விமானியும் இறங்காது மீண்டு எழுமாறு மும்முறை உரைத்தார். தலைமை விமானி அவ்விரண்டையும் ஏலாது இறங்கினார். ஏறியிருந்த 166 பேருள் 158 பேர் மாண்டனர். இறந்தாரைப் பழித்தல் ஈண்டுக் கருத்தன்று. அறிவு மயங்கும் இயல்பினை அறிதலே கருத்து.

சித்தாந்த நூல்கள் கருவிகளான் வரும் அறிவைப் பாசஞானம் என்றும், தன்னையே முதலாகக் கொண்டெழும் அறிவைப் பசுஞானம் என்றும், திருவருளால் விளங்குவதைப் பதிஞானம் என்றும் பகுத்துரைக்கும். முன்னைய நிகழ்ச்சியிற் கருவியே தலைமை பூண்டது. பின்னையதில் தற்போதம் தலைமை பூண்டது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றாதலின், பழுதுற்ற கருவியைச் சார்ந்துழி அதன் பழுதையும், தன்முனைப்பைச் சார்ந்துழி அதன் இருளையும் தனதாகக் கொள்ளும்.

அற்றேல், எச்சரிக்கையை ஒருவன் விலக்குதற்கு உரிய இடம் யாதும் இல்லையோ எனின், உண்டு. விமானிகளுக்கு ஒரு விதி வகுக்கப்பட்டுள்ளது. இரவாயினும் மேகத்தினுள் ஆயினும், மேலெழுக என்னும் குரல் கேட்டவுடன் ஆராயாது மேலெழுதல் வேண்டும். நிலம் கண்ணுக்கு இனிது புலப்படும் பகலில், இடரில்லை என்று ஐயமறக் கண்டவிடத்தே அதனைப் பொய்யென விலக்கலாம். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாம் என்னும் சிவஞானசித்தியார் கொள்கைக்கு இவ்விதி முற்றும் இயைந்ததாதல் காண்க.

இவ்விளக்கத்தைத் திருமறைக்காட்டு நிகழ்ச்சியோடு பொருத்தி நோக்குக. பிள்ளையார் எச்சரிக்கையைச் செவியேலாது சென்றார் அல்லர். கேட்டு, விடையிறுத்து, எச்சரித்தவரும் தெளியுமாறு செய்தே சென்றனர். கோள்கள் இல்லை என்று அவர் கூறவில்லை. கோள்கள் தாமே பயன் தருவன அல்ல. வினைக்கீடாக இறைவன் ஆணையால் இயங்குவன. அவ்விறைவன் உள்ளத்தே வீற்றிருப்ப, அவன் ஏவல்வழி நிற்பன அடியார்க்குத் தீங்கு செய்யா என்பதே பதிகத்தின் கருத்து. தற்போதம் அற்று, காட்டும் முதல்வன் காட்டக் காணும் நிலையே அவர்க்கு வாய்த்த பகல்.

இரவில் நிற்பார் அப்பகலைத் தமதாகப் பாவித்தல் தகாது. பதிகத்தை ஓதிவிட்டு, மருத்துவர் சொல்லையும் முதியோர் சொல்லையும் கடலின் சீற்றத்தையும் இகழ்வான் ஒருவன் பிள்ளையார் வழி நின்றவன் அல்லன். தன்முனைப்பின் வழி நின்றவனே. அப்பர் எச்சரித்ததும் அன்பின் கடனே. அவ்வன்பினை ஏற்றுத் தெளிவித்ததும் அருளின் செயலே.

2018 செப்டம்பர் 11-இல் தில்லியினின்று நியூயார்க்கிற்குச் சென்ற ஏர் இந்தியா விமானத்தில், இறங்கும் வேளையிற் கருவிகள் பல பழுதுற்றன. மேகம் தாழ்ந்திருந்தது, எரிபொருள் அருகி வந்தது. விமானிகள் எஞ்சிய கருவிகளை ஆராய்ந்து, தரையிலுள்ளாரை வினவி, எண்ணிய இடத்தை விடுத்து அணித்தாகிய நூவர்க்கில் நலமே இறங்கினர். கருவிக்கும் அடிமையாகாது, தன்முனைப்பிற்கும் இடங்கொடாது நின்ற நிலை அது. அருட்பகல் புலரும்வரை உயிர்க்குத் தக்க நெறியும் அதுவே என்க.

திருச்சிற்றம்பலம்.