முழுசா இருக்குல்ல

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டுதான் அந்தப் பெண் கையை நீட்டினார். நான்கு மாதமாகிறது. அவர் முகம்கூட மங்கிவிட்டது. கையைத் துடைத்தது மட்டும் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நடந்தது சின்ன விஷயம். எங்கள் தோட்டத்தில், நெல்லி மரத்தடியில் ஒரு சிமெண்ட் திண்ணை இருக்கிறது. அதன்மேல் டைல்ஸ் துண்டுகளால் ஒரு மீன்கொத்தி பதிக்க ஆசைப்பட்டேன். பணி ஓய்வுக்குப் பிறகு வரும் ஆசைகளுக்குக் காரணம் கேட்கக்கூடாது. கொத்தனாரோடு வந்த சித்தாள் அவர். பழைய குளியலறைச் சுவரில் பெயர்த்த பழுப்பும் வெள்ளையும் ஒரு சாக்கு நிறைய இருந்தன. நீலம்தான் இல்லை. கடையில் மிஞ்சிப்போன சரக்கிலிருந்து நான்கு நீல ஓடு வாங்கி வந்திருந்தேன். மூன்றை உடைத்தாகிவிட்டது. நாலாவதைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலை எடுத்தபோது, "அம்மா, அத உடைக்காதீங்கம்மா. முழுசா இருக்குல்ல. எனக்குக் குடுத்துருங்க" என்றார்.

"முதுகுக்கு நீலம் பத்தாதும்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டினேன். விட்ரிஃபைட் ஓடாக இருந்தால் கொஞ்சம் அடம்பிடித்திருக்கும். இது செராமிக். ஒரே அடி.

பத்து நிமிடம் முன்னால் டீ டம்ளரை வாங்கியபோது அவர் கையைத் துடைக்கவில்லை. சாந்துக் கையோடுதான் வாங்கினார். நாம் எதற்கெல்லாம் கையைத் துடைத்துக்கொள்கிறோம்? விபூதி வாங்க, பிறந்த குழந்தையை வாங்க. ஒற்றை டைல்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்? விளக்கு மாடத்தில் பதிக்கவா, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கவா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்பதும் தெரியவில்லை.

சின்ன வயதில் பாண்டி ஆட எங்களுக்குச் சில்லு வேண்டும். ஓட்டுச்சில்லோ பானைச்சில்லோ, குப்பைமேட்டில் பொறுக்கி, கல்லில் தேய்த்து வட்டமாக்குவோம். நல்ல சில்லு கிடைக்காத நாளில் அத்தை வீட்டுப் பானைமேல் கண் போகும். ஆனால் யாரும் கைவைத்ததில்லை. அது தானாக உடையும்வரை காத்திருப்போம். கீழடியிலும் இப்படித் தேய்த்த பானையோட்டு வட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குச் சான்று ஏதும் கிடையாது.

அப்படியானால் உடைந்ததைத்தான் ஒட்டவேண்டும், முழுசை உடைக்கக்கூடாது என்று ஒரு விதி போட்டுக்கொள்ளலாமா? நேக் சந்தைப் பற்றி எப்போதோ ஒரு பழைய பத்திரிகையில் படித்தது ஞாபகம் வந்தது. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்தவர். 1957 வாக்கில், அரசு நிலத்தில், காட்டு மறைவில் யாருக்கும் தெரியாமல் உடைந்த ஓடு, வளையல், பீங்கான் எல்லாம் சேர்த்துப் பொம்மைகளாகச் செய்யத் தொடங்கினார். பதினெட்டு வருடம்போல அது வெளியே தெரியவில்லை. 1976இல் அதையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று அதற்கு ராக் கார்டன் என்று பெயர். குப்பையிலிருந்து சொர்க்கம் என்று அதைப் புகழ்வது வழக்கம். ஆனால் அந்தக் குப்பை எங்கிருந்து வந்தது? புதிய நகரத்துக்காக இடிக்கப்பட்ட கிராமங்களிலிருந்தும் வந்தது. ஒவ்வொரு சில்லும் யாரோ ஒருவர் வீட்டில் முழுசாக இருந்ததுதான். நேக் சந்த் உடைக்கவில்லை, சரி. உடைத்தவர்கள் வேறு. என் விதி அங்கேயே ஆட்டம் காண்கிறது.

பிள்ளையாருக்குச் சிதறுகாய் போடுகிறோமே, அதுவும் முழுசை உடைப்பதுதான். ஆனால் அங்கே சிதறியதைப் பொறுக்கப் பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். உடைத்தால்தான் பலருக்கும் கிடைக்கும். என் சாக்கைச் சுற்றி யாரும் நிற்கவில்லை. ஒருவர் நின்றார், அவருக்கு வேண்டியது சில்லு அல்ல.

மறுநாள் துண்டுகளின் இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் தேய்த்து, இறுகுவதற்குள் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மீன்கொத்தி மேலே வந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் அந்த நீல முதுகைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு அங்கே கை போவதில்லை.

அதே நீலத்தைத் தேடி மறுபடியும் கடைக்குப் போனேன். அந்த பேட்ச் தீர்ந்துவிட்டதாம். அடுத்த பேட்ச் ஒரு சாயல் மாறித்தான் வருமாம். மாறின சாயலில் ஒன்று வாங்கிக் கொத்தனாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று பார்த்தால், அந்தப் பெண் இப்போது அவரோடு வேலைக்கு வருவதில்லை. வந்திருந்தாலும் கேட்ட அன்று கொடுக்காததைப் பிறகு கொடுப்பது யாருடைய நிம்மதிக்காக என்று யோசித்துவிட்டு, அந்த ஓட்டையும் வாங்காமல் வந்துவிட்டேன். அது சரியா என்றும் தெரியவில்லை.

நாலாவது ஓடு பதினான்கு துண்டாக உடைந்தது. பறவைக்குத் தேவைப்பட்டது ஐந்து. மிச்சம் ஒன்பதும் ஒரு மஞ்சள் பையில், தோட்டக் குழாய்க்குப் பக்கத்தில் கிடக்கின்றன.